பதினோராம் கேள்வி

படிவம் முப்பத்தாறு பக்கம்.
கடல்தாண்டி எங்கோ ஒன்றுகூடிப் பேசிக்கொள்ளும் நகரங்கள்
தமக்கென்று தயாரித்தது.
யாரோ தமிழாக்கி, யாரோ சுருக்கி,
ஆட்சியர் அலுவலகம் வழியாகப்
பள்ளிப்பட்டு ஒன்றியத்துக்கு வந்து
என் மேசையில் இறங்கியது
மின்சாரம் இல்லாத ஒரு செவ்வாய் மதியம்.

கேள்வி மூன்று: ஆண்டில் பனி அகற்றும் நாட்கள்?
இல்லை.
கேள்வி ஏழு: வீடுகளைச் சூடாக்கும் முறை?
மே மாதம் என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, இல்லை என்று எழுதினேன்.
கேள்வி எட்டு: டிராம் தடங்களின் மொத்த நீளம்?
எட்டிப் பார்த்தார் தலைவர் பங்காரம்மா.
"நம்ம காலை பஸ்ஸைப் போடேன்,
அதுவும் ஒரே தடத்துலதான போகுது."
போடவில்லை. காலியாக விட்டேன்.

கேள்வி பதினொன்று:
அண்டை உள்ளாட்சிகளுடன்
நீங்கள் பகிர்ந்துகொள்வது யாது?

பேனா நின்றுவிட்டது.

ஆறு என்று எழுதலாமா?
அந்தப் பக்கம் குசஸ்தலி, இந்தப் பக்கம் கொசஸ்தலை,
நடுவில் இரண்டு மொழியில் ஒரு மஞ்சள் கல்.
தண்ணீர் அந்தக் கல்லைப் படித்ததில்லை.

மூன்று வருஷம் முந்தி, கார்த்திகையில்,
மேலே மதகு திறந்த சேதி
சித்தூரிலிருந்து அமராவதி போய்,
அமராவதியிலிருந்து சென்னை போய்,
சென்னையிலிருந்து திருவள்ளூர் திரும்பி
எங்களிடம் வந்து சேர்ந்தபோது
தரைப்பாலத்தில் வாழைத்தார் ஏற்றிய மினி லாரி
கவிழ்ந்து எட்டு மணி நேரம்.
தண்ணீருக்கு நாற்பது நிமிஷம் போதுமாயிருந்தது.
அதற்கு முகப்புக் கடிதம் தேவைப்படவில்லை.

பிறகு நடந்தது எந்தக் கோப்பிலும் இல்லை.
என் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து
எல்லை தாண்டினார் பங்காரம்மா.
ஆறு கிலோமீட்டர்.
அங்கே செயலர் ஓபுலேசு
எந்த மாநிலத்துப் புகாரோ என்று
அவசரமாக நோட்டைத் தேடினான்.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"அக்கட வான படிதே நாகு போன் சேஸ்தாவா?"
மழை பெய்தால் ஒரு போன்.
அதற்கு அவன் டீ வாங்கித் தந்தான்.

இப்போது ஒன்பது ஊராட்சிகள்,
ஆந்திராவில் ஐந்து, இங்கே நான்கு.
பள்ளிக்கூட மாடிகளில்
தலை வெட்டிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில், ஓரத்தில் ஒட்டிய அடிஸ்கேல்.
காலை ஏழரைக்குள் வந்துவிடும்:
12.
0.
0.
41, ஜாக்ரத்த.
ஒருவர் எண்ணோடு தினம் ஒரு சாமி படம் அனுப்புவார்.
படத்தை நிறுத்தச் சொன்னால்
எண்ணையும் நிறுத்திவிடுவார் என்று
யாரும் வாய் திறப்பதில்லை.
எந்தக் குளத்தில் கோழிக்கழிவு கொட்டினார்கள்,
மணல் வண்டி எந்த முக்கில் திரும்பியது
என்பதும் அதிலேயே வரும்.

அப்படித்தான் போன தையில் ஒருவர் விலகினார்.
படத்தில் இருந்தது அவருடைய மைத்துனன் டிராக்டர்.
ஓடை வந்து ஆற்றில் சேரும் ஊர் அவருடையது;
எட்டு எண்களுக்கு நடுவே ஓர் ஓட்டை.
வீடு தேடிப் போனோம். மோர் கொடுத்தார்,
பேச்சு கொடுக்கவில்லை.

இந்த ஐப்பசியில், இரவு இரண்டு மணி.
பங்காரம்மாவின் போனுக்கு மட்டும்
அந்த ஓட்டையிலிருந்து வந்தது:
96.
பெயர் இல்லை, வணக்கம் இல்லை.
அந்த மழையில் டார்ச் அடித்துக்கொண்டு
மாடியேறித்தான் அளந்திருக்க வேண்டும்.
நாங்கள் மாடுகளை அவிழ்த்தோம்.
ஆற்றோரத்து பதினேழு வீடுகளைத் தட்டினோம்.
பதினெட்டாவது வீட்டுக்காரர் எங்களைத் திட்டிவிட்டு
மெதுவாகப் பாய் சுருட்டினார்.
விடிவதற்குள் தரைப்பாலம் காணவில்லை.
ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள்.

பதினோராம் கேள்விக்கு ஓர் அங்குலம் இடம்.
பக்கத்தில் ஒரு கட்டம்: அரசாணை எண்.
அதில் கோடு போட்டேன்.
ஓர் அங்குலத்தில் 96 என்று எழுதி
அலகு: மில்லிமீட்டர் என்று சேர்த்தேன்.
பங்காரம்மா சீல் வைத்தார்.

இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தது படிவம்,
பச்சை மையில் ஒரு வரியோடு:
கேள்வி எட்டு நிரப்பப்படவில்லை.